சுற்றளவு பொருந்தாத டிஷ் எண்டை ஆப்படித்து இழுத்துச் சேர்க்கலாமா?

வாசகர் கேள்வி:

எர்ணாவூரில் ஒரு சிறிய ஃபேப்ரிகேஷன் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மணலியிலுள்ள ஒரு தொழிற்சாலைக்காக, 1500 மி.மீ. உள்விட்டமும் 12 மி.மீ. தடிமனும் கொண்ட செங்குத்து ஏர் ரிசீவர் (அழுத்தக் காற்றைச் சேமிக்கும் கலன்) ஒன்றைச் செய்துவருகிறோம். வடிவமைப்பு அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 15 கிலோ, தகடு எஸ்.ஏ. 516 கிரேடு 70. ஷெல் (கலனின் உருளை உடல்) இரண்டு கோர்ஸ்களால் (ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் வளையங்களால்) ஆனது. கீழ்க் கோர்ஸும் கீழ் டிஷ் எண்டும் (கலனின் முனையை மூடும் குழிந்த தகடு) சிக்கலின்றிச் சேர்ந்துவிட்டன. மேல் கோர்ஸின் லாங் சீம் (நீளவாட்டுத் தையல்) வெல்டிங் முடிந்துவிட்டது. அதைக் கீழ்க் கோர்ஸுடன் இன்னும் சேர்க்கவில்லை. வெளியிலிருந்து வாங்கிய மேல் டிஷ் எண்டை அதன்மேல் வைத்துப் பார்த்தால், எதிரெதிரான இரண்டு இடங்களில் உள்விளிம்புகள் ஒட்டி உட்காருகின்றன. அங்கிருந்து 90 பாகை தள்ளிப் பார்த்தால் 8 மி.மீ. படி (ஒரு விளிம்பு மற்றதைவிடத் துருத்தி நிற்கும் அளவு) விழுகிறது. வெளிப்புறம் டேப் சுற்றி அளந்ததில் மேல் கோர்ஸ் 4780, கீழ்க் கோர்ஸ் 4785, டிஷ் எண்ட் 4819 மி.மீ. வந்தன. டிஷ் எண்டின் உள்விட்டம் ஒரு திசையில் 1510, குறுக்கே 1500. மேல் கோர்ஸின் உள்விட்டம் ஒரு திசையில் 1501, குறுக்கே 1494. டிஷ் எண்டின் விளிம்புத் தடிமன் 14.5 மி.மீ. இருக்கிறது.

எங்கள் மேஸ்திரி முப்பது வருட அனுபவம் உள்ளவர். டிஷ் எண்ட் ஓவலாக இருப்பதுதான் காரணம், உள்ளே ஜாக்கி கொடுத்து, டாக் (ஆப்பு அடிப்பதற்காகத் தகட்டின்மேல் தற்காலிகமாக வெல்டிங் செய்யும் துண்டு) வைத்து ஆப்படித்தால் உட்கார்ந்துவிடும் என்கிறார். அதற்கும் மசியாவிட்டால் டிஷ் எண்ட் விளிம்பில் நான்கு இடங்களில் வி வடிவில் வெட்டி, இறுக்கி, வெல்டிங் வைத்துவிடலாம் என்றும், ஹைட்ரோ டெஸ்ட்டில் (நீர் அழுத்தச் சோதனை) நின்றுவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை என்றும் சொல்கிறார். வியாழக்கிழமை ஃபிட்டப் (வெல்டிங்குக்கு முன் பாகங்களைப் பொருத்துதல்) ஆய்வுக்கு ஆய்வாளர் வருகிறார். எந்த வழியில் சரிசெய்வது? ஆய்வாளரிடம் இதைச் சொல்ல வேண்டுமா? கோர்ஸில் துண்டு சேர்ப்பதானால் சாத்தங்காடு இரும்புச் சந்தையில் வாங்கி வைத்திருக்கும் 12 மி.மீ. தகட்டைப் பயன்படுத்தலாமா? எங்கள் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அளவுகளை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இத்தகைய கேள்விகளோடு வருபவர்களில் பெரும்பாலோர் "கொஞ்சம் பெரிசா இருக்கு சார்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை என்பதால், உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுவது எனக்கு எளிதாகிவிட்டது. உங்களுக்கு வேண்டிய விடை நீங்கள் எழுதிய எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

மேஸ்திரி சொல்வதை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அவர் சொல்வதில் பாதி சரி. இரண்டு பாகங்களும் ஓவலாகத்தான் இருக்கின்றன. டிஷ் எண்டில் 10 மி.மீ., ஷெல்லில் 7 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது. ஆனால், ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதித்தொகுப்பின் எட்டாம் பிரிவு, முதல் பாகத்தில் யு.ஜி-80, யு.ஜி-81 ஆகிய பத்திகள், அதிகபட்ச உள்விட்டத்துக்கும் குறைந்தபட்ச உள்விட்டத்துக்கும் இடையே பெயரளவு விட்டத்தில் ஒரு சதவீதம் வரை வித்தியாசம் இருப்பதை ஏற்கின்றன. உங்கள் கலனுக்கு அது 15 மி.மீ. எனவே இரண்டும் தனித்தனியே வரம்புக்கு உட்பட்டவைதாம். நீங்கள் வைத்துப் பார்த்தபோது ஷெல்லின் குறுகிய அச்சின்மீது டிஷ் எண்டின் நீண்ட அச்சு விழுந்திருக்கிறது. 1510 இலிருந்து 1494 ஐக் கழித்துப் பாதியாக்கினால் 8 மி.மீ.; நீங்கள் கண்ட படி அதுவே. மறுதிசையில் 1500 உம் 1501 உம் சந்திப்பதால் விளிம்புகள் ஒட்டி உட்கார்ந்தன. ஒட்டி உட்கார்ந்த அந்த இரண்டு இடங்கள்தாம் மேஸ்திரியை ஏமாற்றுகின்றன. அங்கே சேருகிறதென்றால் மற்ற இடங்களிலும் சேர்த்துவிட முடியும் என்று எவருக்கும் தோன்றும்.

டிஷ் எண்டில் இன்னும் நாசில் (குழாய் இணைப்பு) துளை எதுவும் வெட்டவில்லை என்றால், அதை 90 பாகை திருப்பி வைத்துப் பாருங்கள். நீண்ட அச்சு நீண்ட அச்சின்மீது அமர்ந்ததும் 8 மி.மீ. படி மறைந்து, ஒரு திசையில் 4.5 உம் மறுதிசையில் 3 உம் மிஞ்சும். அதன்பின் ஸ்பைடர் (உள்ளிருந்து தாங்கும் ஆரச் சட்டம்) வைத்து இரண்டையும் வட்டமாக்கினால் சுற்றிலும் ஏறத்தாழ 3.7 மி.மீ. படி சீராக நிற்கும். அதற்குக் கீழே ஜாக்கியால் ஒருபோதும் இறக்க முடியாது.

காரணம் எளியது. ஒரு வளையத்தை அமுக்கி முட்டை வடிவமாக்கினாலும் மீண்டும் வட்டமாக்கினாலும், இவ்வளவு சிறிய ஓவலுக்கு, அதன் சுற்றளவு மாறுவதில்லை. டேப்புக்கு ஓவல் தெரியாது. பொருளின் நீளம் மட்டுமே தெரியும். டிஷ் எண்டின் வெளிச்சுற்றளவு 4819, அதை 3.1416 ஆல் வகுத்தால் வெளிவிட்டம் 1533.9, இருபுறமும் 14.5 கழித்தால் உள்விட்டம் 1504.9. மேல் கோர்ஸின் 4780 ஐ அதேபோல் வகுத்து, 24 ஐக் கழித்தால் 1497.5. இரண்டுக்கும் இடையே விட்டத்தில் 7.4 மி.மீ., விளிம்பில் 3.7 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது. பட்டறையில் கணக்குப் போட நேரமில்லாதபோது நினைவில் கொள்ள ஓர் எண் போதும்: சுற்றளவில் 6.3 மி.மீ. வித்தியாசம் என்றால் விளிம்பில் 1 மி.மீ. படி. தடிமன் வேறுபட்டால் மட்டும் முதலில் உட்சுற்றளவுக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும்; உங்கள் 39 மி.மீ. வித்தியாசத்தில் ஏறத்தாழ 16 மி.மீ. தடிமனால் வந்தது, மீதி 23 தான் உண்மையான பொருத்தமின்மை.

அனுமதி எவ்வளவு என்பதை அதே விதித்தொகுப்பின் யு.டபிள்யூ-33 அட்டவணை சொல்கிறது. 13 மி.மீ. வரையுள்ள தடிமனுக்கு, லாங் சீமானாலும் சர்க்கம் சீமானாலும் (சுற்றுத் தையல்), மெல்லிய பக்கத்தின் தடிமனில் கால்பங்கு. பன்னிரண்டில் கால்பங்கு 3 மி.மீ. எனவே 3.7 நிற்காது. வெறும் 0.7 மி.மீ. தானே என்று தோன்றலாம். ஆனால், இது எல்லா இடங்களிலும் சராசரியாக நிற்கும் 3.7, ஃபிட்டப்பில் ஒரு பக்கம் சற்று இழுபட்டால் அங்கே ஐந்தும் எதிர்ப்பக்கம் இரண்டரையும் விழும்.

இந்தக் கால்பங்குக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று மேஸ்திரி கேட்டால் இதைச் சொல்லுங்கள். இரண்டு தகடுகளின் நடுக்கோடுகள் ஒன்றையொன்று விட்டு விலகி நின்றால், அவற்றை இழுக்கும் விசை அந்த இடத்தில் தகட்டை வளைக்கவும் செய்கிறது. தட்டையான தகட்டுக்கான எளிய கணக்கின்படி, இழுவைத் தகைவின்மேல் கூடும் வளைவுத் தகைவு, விலகலைத் தடிமனால் வகுத்து மூன்றால் பெருக்கிய பங்கு. 3.7 ஐ 12 ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 0.93. அதாவது அந்த இடத்தில் தகைவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. உருளையில் சுற்றியுள்ள பொருளும் தாங்கிக்கொள்வதால் உண்மையான எண் இதைவிடச் சற்றுக் குறையும். ஆனால் போக்கு இதுதான். சர்க்கம் சீமை இழுக்கும் நீளவாட்டுத் தகைவு சுற்றுவாட்டுத் தகைவில் பாதிதானே என்று அவர் மறுத்துப் பேசக்கூடும். அதுவும் உண்மையே: 15 கிலோ அழுத்தத்தில் உங்கள் ஷெல்லில் சுற்றுவாட்டுத் தகைவு சுமார் 93 மெகாபாஸ்கல், நீளவாட்டுத் தகைவு சுமார் 46. ஆனால் இந்தப் படி அந்த 46 ஐ 89 வரை ஏற்றிவிடும்; இயற்கை கொடுத்த பாதிச் சலுகையை நாமே செலவழித்துவிட்ட கதை அது. அதோடு, ஏர் ரிசீவர் ஒருமுறை அழுத்தம் ஏறி அப்படியே நிற்கும் கலன் இல்லை. கம்ப்ரசர் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் சிறிதளவு வளைந்து நிமிரும். படியின் உள்மூலையில் ரூட் (வெல்டிங்கின் அடிப்பகுதி) சரியாக உருகாத ஒரு கோடு இருந்தால், விரிசல் தொடங்குவதற்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை.

ஹைட்ரோ டெஸ்ட்டில் நின்றால் போதும் என்ற வாதத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. 1.3 மடங்கு அழுத்தத்தில், அதாவது 19.5 கிலோவில், உங்கள் கலன் ஒருவேளை ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் நிற்கும். அந்தச் சோதனை ஒரு நாளில் ஒருமுறை ஏற்றி இறக்குவது. பல ஆண்டுகள் ஏறி இறங்கும் வேலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இனி ஆப்படிக்கும் யோசனைக்கு வருகிறேன். டாக்கும் ஆப்பும் கெட்ட கருவிகள் அல்ல. ஓவலை நேராக்கவும், விளிம்பில் ஓரிடத்தில் நிற்கும் இரண்டு மி.மீ. மேட்டைச் சமன்செய்யவும் அவற்றை விடச் சிறந்தவை கிடையாது. ஆனால், சுற்றளவுக் குறையை அவற்றால் தீர்க்க முயலும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஷெல்லின் உட்சுற்றளவு டிஷ் எண்டோடு முழுமையாகச் சேர வேண்டுமானால் 23 மி.மீ. நீள வேண்டும், இப்போதுள்ள 4705 இல் அது ஏறத்தாழ அரை சதவீதம். உங்கள் தகட்டின் குறைந்தபட்ச யீல்ட் (நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு) 260 மெகாபாஸ்கல். மீள்தன்மையோடு அது நீளக்கூடியது சுமார் 0.13 சதவீதம் மட்டுமே. ஆகவே வளையம் முழுவதையும் யீல்ட்டைத் தாண்டி இழுத்தாக வேண்டும். சுற்றிலும் ஒரே சீராகத் தள்ளும் எக்ஸ்பாண்டர் இயந்திரத்தால் அது முடியும். நான்கு ஜாக்கிகளால் முடியாது. ஜாக்கி முட்டும் இடத்தில் தகடு வெளியே புடைக்கும், இடையில் தட்டையாகும். வட்டம் பெரிதாகாது, சதுரமாகும். அந்த நிலையில் டேக் (பாகங்களைத் தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு வெல்டிங்) வைத்துவிட்டு ஜாக்கியை எடுத்தால், தகடு திரும்ப விரும்பும் விசை முழுவதையும் டேக்குகள் தாங்க வேண்டும்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பட்டறையில், இதே போன்று பொருந்தாத ஒரு கலனை மாலைவரை ஆப்படித்து இழுத்து, சுற்றிலும் டேக் வைத்துவிட்டு, மறுநாள் வெல்டிங்கைத் தொடங்கலாம் என்று ஷட்டரை இறக்கினார்கள். காலையில் வந்து பார்த்தபோது ஒன்பது டேக்குகள் பிளந்து கிடந்தன. இரவில் சத்தம் கேட்டதாகக் காவலாளி சொன்னார். அன்று ஆய்வுக்குப் போயிருந்தவன் என்ற முறையில் நான் நிம்மதியடைந்தேன் என்றே சொல்ல வேண்டும். டேக் பிளக்காமல் இருந்திருந்தால் அவ்வளவு இறுக்கத்தையும் உள்ளே வைத்து வெல்டிங்கை முடித்திருப்பார்கள். வெளியே பார்க்க அழகாகவும் இருந்திருக்கும்.

விளிம்பைச் சுத்தியலால் அடித்து விரிப்பதற்கும் அனுமதி இல்லை. கார்பன் ஸ்டீல் தகட்டைக் குளிர்நிலையில் அடித்து வடிவமாக்கக் கூடாது என்று யு.சி.எஸ்-79 நேரடியாகவே சொல்கிறது. கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கினால் விரியும் என்று யாராவது சொன்னால், அது தலைகீழான நம்பிக்கை: ஓரிடத்தில் மட்டும் சூடாக்கி ஆறவிட்ட தகடு முடிவில் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைப் பயன்படுத்தி, பெரிதாகிவிட்ட டிஷ் எண்டின் விளிம்பைக் குறைக்கும் கைப்பழக்கம் சிலரிடம் உண்டு. வெப்பத்தை அளக்காமல், வாடிக்கையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல், அழுத்தம் தாங்கும் பாகத்தில் அதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

வி வடிவில் வெட்டும் யோசனையை மட்டும் கடுமையாகவே மறுக்கிறேன். டிஷ் எண்டை முழுத் தகட்டிலிருந்து தையலில்லாமல் அழுத்தி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் அதில் நான்கு புதிய தையல்களைப் போடுகிறீர்கள். ஒவ்வொரு வெட்டின் நுனியும் விரிசலுக்கு நீங்களே போட்டுக்கொடுத்த தொடக்கப் புள்ளி. அந்த நுனி, டிஷ் எண்டிலேயே தகைவு மிகச் சிக்கலாக உள்ள வளைவுப் பகுதியான நக்கிளை நோக்கி நிற்கும். அந்த நான்கு தையல்களும், லாங் சீமைப் போலவே, விதித்தொகுப்பின் ஏ வகை இணைப்புகளாகக் கருதப்படும். வரைபடத்தில் இல்லாத அவற்றை எக்ஸ்ரே ஃபிலிம் காட்டிக்கொடுக்காவிட்டாலும், பிற்காலத்தில் துரு காட்டிக்கொடுக்கும்.

அப்படியானால் என்னதான் செய்வது? உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. மேல் கோர்ஸ் இன்னும் தனியாக நிற்கிறது. தவறும் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. 1500 உள்விட்டத்துக்கு உங்கள் ஷெல்லின் வெளிச்சுற்றளவு 4788 வந்திருக்க வேண்டும், 8 மி.மீ. குறைந்துவிட்டது. நடுவிட்டப்படி 4750 என்று கணக்கிட்டு, அதே நீளத்துக்குத் தகட்டை வெட்டி, அதன்பின் பெவல் (வெல்டிங்குக்கான விளிம்புச் சாய்வு) எடுத்ததில் இரு முனைகளிலும் சில மி.மீ. போய், வெல்டிங் சுருக்கத்தில் இன்னும் சில போய்விட்டதுதான் வழக்கமான காரணம். உங்கள் கட்டிங் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். டிஷ் எண்ட் செய்தவரோ விட்டத்தில் 5 மி.மீ. கூட்டிக் கொடுத்திருக்கிறார். அவரிடம் கேட்டால், வடிவம் வெளிப்புறமாக ஒன்றேகால் சதவீதம் வரை விலகலாம் என்ற யு.ஜி-81 ஐக் காட்டுவார். 1500 க்கு அது 18 மி.மீ. க்கும் மேல். சட்டம் அவர் பக்கம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். அந்தப் பத்தி டிஷ் எண்டின் வடிவத்தைப் பற்றியது. உங்கள் ஷெல்லோடு அது சேருமா என்பது அவரிடம் நீங்கள் ஆர்டரில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நான் பரிந்துரைப்பது, மேல் கோர்ஸைப் புதிதாக ரோல் செய்வது. அதையும் வரைபடத்திலுள்ள 1500 க்கு அல்ல, 1502 உள்விட்டத்துக்குச் செய்யுங்கள். ஏன் என்றால், அந்தக் கோர்ஸ் இரண்டு பேரோடு சேர்ந்தாக வேண்டும். மேலே டிஷ் எண்டின் உள்விட்டம் 1504.9, கீழே கீழ்க் கோர்ஸின் உள்விட்டம், 4785 லிருந்து கணக்கிட்டால், 1499.1. இரண்டுக்கும் நடுவே 1502 இல் நின்றால் மேலேயும் கீழேயும் விளிம்புப் படி 1.45 மி.மீ. ஆகப் பகிர்ந்துகொள்ளப்படும், இரண்டுமே 3 மி.மீ. வரம்பில் பாதிக்குள் வந்துவிடும், ஃபிட்டப்பில் கை தவறினாலும் இடமிருக்கும். டிஷ் எண்டின் அளவுக்கே ரோல் செய்தால் மேல் தையல் அழகாக இருக்கும், கீழ்த் தையலில் 2.9 விழும், பிரச்சினையைக் கீழே இறக்கி வைத்ததாகவே ஆகும். 1502 க்கு வெளிச்சுற்றளவு 4794, தகட்டின் நடுக்கோட்டு நீளம் 4756. பெவல் எடுத்து முடித்த பிறகு தகட்டின் நீளம் 4757 மி.மீ. க்கு ஒன்று முன்பின் இருக்கட்டும். ரூட் இடைவெளி 2 மி.மீ., சுருக்கம் ஏறத்தாழ 3 மி.மீ. என்ற கணக்கில் இதைச் சொல்கிறேன். உங்கள் பட்டறையின் சுருக்கம் எவ்வளவு என்பதை, ஏற்கனவே செய்த கோர்ஸ்களின் வெல்டிங்குக்கு முந்தைய பிந்தைய அளவுகளிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 2 மி.மீ. கூடுவதால் தேவையான தடிமனில் வரும் மாற்றம் புறக்கணிக்கத்தக்கது. இருந்தாலும் வடிவமைப்பாளரிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

டிஷ் எண்டின் வெளிப்புறத்தில் இன்னொரு வேலை இருக்கிறது. அது 14.5, ஷெல் 12. உள்ளே சரிசெய்தாலும் வெளியே 2.5 மி.மீ. கூடுதலாகத் துருத்தும். டிஷ் எண்டின் வெளிவிளிம்பைக் கிரைண்டர் வைத்து, ஒன்றுக்கு மூன்று என்ற சரிவில், விளிம்பில் 12 மி.மீ. வரும்படி சாய்த்துவிடுங்கள். சரிவின் நீளம் குறைந்தது 7.5 மி.மீ.; நான் 12 வைப்பேன். தடிமன் வேறுபாடு மெல்லிய தகட்டில் கால்பங்கையோ 3 மி.மீ. ஐயோ தாண்டினால்தான் யு.டபிள்யூ-9 சரிவைக் கட்டாயமாக்குகிறது என்பதால், கண்டிப்பாகப் பார்த்தால் உங்களுக்கு இது கட்டாயமில்லை. ஆனால் துருத்தலும் படியும் வெளிப்புறத்தில் ஒன்றுசேர்வதால் செய்துவிடுவதே நல்லது. மிஞ்சும் 1.45 மி.மீ. படியையும் வெல்டிங்கிலேயே அதே ஒன்றுக்கு மூன்று சரிவாக இறக்கிவிட வேண்டும், யு.டபிள்யூ-33 அதை எதிர்பார்க்கிறது. வரம்பை மீறிய படியை இப்படி வெல்டிங் பூசி மூடிவிட முடியாது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். சரிவு என்பது அனுமதிக்குள் இருக்கும் படிக்கு மட்டும் உரியது.

புதிய தகடு ஏறத்தாழ 670 கிலோ வரும், கோர்ஸின் உயரத்தை 1500 என்று எடுத்துக்கொண்டால். சிறு பட்டறைக்கு அது எளிய செலவு அல்ல என்பது எனக்குத் தெரியும். பணம் இடம் கொடுக்காவிட்டால் இரண்டாவது வழி ஒன்று உண்டு: இருக்கும் மேல் கோர்ஸில் லாங் சீமை நடுவில் வைத்து ஒரு பட்டையை முழு உயரத்துக்கும் வெட்டி எடுத்துவிட்டு, வெட்டியதைவிட 14 மி.மீ. அகலமான, முன்பே வளைத்த பட்டையை அங்கே சேர்ப்பது. பட்டையின் அகலம் 300 மி.மீ. க்குக் குறையக் கூடாது என்பது என் பட்டறைக் கணக்கு, இருபது மி.மீ. துண்டை இடையில் சொருகி, இரண்டு வெல்டிங் வெப்பமும் ஒரே இடத்தில் விழும்படி செய்யாதீர்கள். ஒரு லாங் சீம் இரண்டாகிவிடுவதால் எக்ஸ்ரேயும் அதற்கேற்பக் கூடும். இரண்டில் எதுவும் கீழ்க் கோர்ஸின் லாங் சீமோடு நேர்கோட்டில் வராமல், குறைந்தது தடிமனின் ஐந்து மடங்கு, அதாவது 60 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். மேல் முனையில் மட்டும் அரை மீட்டர் நீளத்துக்குச் சீமைப் பிளந்து விரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உருளை புனலாகிவிடும்.

டிஷ் எண்டைச் செய்தவரிடமே திருப்பி அனுப்பி விளிம்பைச் சைஸிங் (இயந்திரத்தால் சரியான அளவுக்குக் கொண்டுவருதல்) செய்து வாங்குவதும் ஒரு வழி. அவரிடம் அதற்கான இயந்திரம் இருந்து, செய்த முறையையும் பின்னர் வெப்பச் சிகிச்சை தேவையா என்பதையும் சான்றிதழில் எழுதிக் கொடுத்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உங்கள் ஷெல்லும் குறைவாக இருப்பதால் முழுத் தவறையும் அவர் தலையில் கட்டுவது நியாயமாகாது. வியாழக்கிழமைக்குள் அது முடிந்து வராது.

எதைச் செய்வதற்கு முன்னும் ஒருமுறை அளவுகளை மீண்டும் எடுங்கள். மூன்று பாகங்களையும் ஒரே டேப்பால், அதிகாலையில், எல்லாம் ஒரே நிழலில் இருக்கும்போது அளக்க வேண்டும். எர்ணாவூர் வெயிலில் யார்டில் கிடக்கும் ஷெல்லும் ஷெட்டுக்குள் இருக்கும் டிஷ் எண்டும் 30 டிகிரி வேறுபட்டிருந்தால், அந்த வெப்பம் மட்டுமே சுற்றளவில் 1.7 மி.மீ. பொய் சொல்லும். டேப் ஓடும் பாதையில் லாங் சீமின் வெல்டிங் மேடு இருந்தால் அதைத் தகட்டோடு தகடாகத் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் டேப் அங்கே பாலம் போல் தூக்கி நிற்கும். கடற்காற்றில் கிடந்த விளிம்பில் துருச் செதில் இருந்தால் அதையும் நீக்கிவிட்டு அளக்கவும். டிஷ் எண்டின் தடிமனை அல்ட்ராசோனிக் கேஜால் விளிம்பைச் சுற்றி எட்டு இடங்களில் பாருங்கள். அழுத்தி எடுத்த டிஷ் எண்டில் அது எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. மேலே நான் போட்ட கணக்கு முழுவதும் அந்த 14.5 இன்மேல்தான் நிற்கிறது.

ஃபிட்டப்பின்போது இரண்டு விளிம்புகளையும் எட்டுச் சம பாகங்களாகக் குறித்துக்கொண்டு, எதிரெதிர்ப் புள்ளிகளாக டேக் வைத்துச் செல்லுங்கள். ஒரு முனையில் தொடங்கிச் சுற்றி வந்தால் மிச்சம் முழுவதும் கடைசி இடத்தில் வந்து நிற்கும். டாக் வைக்கும் வெல்டிங்கும் தகுதி பெற்ற வெல்டரால், ஒப்புதல் பெற்ற முறையில் செய்யப்பட வேண்டும். வேலை முடிந்ததும் டாக்கைச் சுத்தியலால் தட்டிப் பிய்க்காமல், வெட்டித் தேய்த்து, அந்த இடங்களில் டை பெனிட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்துப் பார்த்துவிடுங்கள்.

ஆய்வாளரிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வியாழக்கிழமை வரை காத்திருக்காமல் இன்றே சொல்லுங்கள். தொலைபேசியில் அல்லாமல், ஒரு பக்க அளவில் ஒரு நான்-கன்ஃபார்மன்ஸ் (பொருந்தாமை) அறிக்கையாக எழுதி அனுப்புங்கள்: அளந்த மூன்று சுற்றளவுகள், கணக்கிட்ட படி, வரம்பு, நீங்கள் முன்மொழியும் தீர்வு, அதன்பின் எதிர்பார்க்கும் படி. பொருந்தாத ஒரு ஷெல்லைப் பார்ப்பது அவருக்கு அன்றாட வேலை; மறைத்த ஒரு ஷெல்லைக் கண்டுபிடித்தால், அடுத்த மூன்று கலன்களுக்கு உங்கள் ஒவ்வொரு வெல்டிங்கையும் அவர் குனிந்து பார்ப்பார். அந்தக் கலன் மணலிக்குப் போனபின் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. அதைச் சோதிக்க வருபவர் கேட்கும் ஆவணங்களில் உங்கள் அறிக்கையும் இருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. மேஸ்திரியையும் அந்த அறிக்கை எழுதும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். முப்பது வருடக் கை அனுபவம் உள்ளவரிடம் 6.3 என்ற எண்ணைக் கொடுத்துவிட்டால், அடுத்த கலனில் உங்களுக்கு முன்பே அவர் டேப்பை எடுத்துவிடுவார்.

அடுத்த கலனுக்கு டிஷ் எண்டுகள் வந்து இறங்கும்வரை ஷெல் தகட்டில் வெட்டு விழக் கூடாது. வந்த டிஷ் எண்டை அளந்து, அதன் வெளிச்சுற்றளவிலிருந்து அதன் தடிமனின் 6.28 மடங்கைக் கழித்து, ஷெல் தடிமனின் 3.14 மடங்கைக் கூட்டினால் ஷெல் தகட்டின் நடுக்கோட்டு நீளம் கிடைத்துவிடும். இரண்டு டிஷ் எண்டுகளும் வேறுபட்டால் இப்போது செய்தது போல் நடுவே பகிர்ந்துகொள்ளலாம். ஆர்டரில் உள்விட்ட அடிப்படையா வெளிவிட்ட அடிப்படையா என்பதையும், விளிம்புச் சுற்றளவில் எத்தனை மி.மீ. வரை ஏற்பீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, சாத்தங்காட்டுத் தகடு. அங்கே நல்ல தகடும் கிடைக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியாத தகடும் கிடைக்கிறது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. உங்கள் துண்டில் ஹீட் எண் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) குத்தியிருந்து, அதே எண்ணுக்கான மில் சான்றிதழ் எஸ்.ஏ. 516 கிரேடு 70 என்று சொன்னால், வெட்டுவதற்கு முன் அந்த எண்ணைப் பயன்படுத்தும் பகுதிக்கு மாற்றிக் குத்தி, ஆய்வாளரிடம் காட்டிவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எண் இல்லை, அல்லது சான்றிதழ் வேறொரு எண்ணுக்கு உரியது என்றால் அது ஷெல்லுக்கு ஆகாது. டாக் வெட்டுவதற்குக்கூட வேண்டாம், ஏனெனில் டாக்கும் உங்கள் ஷெல்லின்மேல்தான் வெல்டிங் ஆகிறது. லாங் சீமை வெட்டி எடுக்கும்போது மிஞ்சும் உங்கள் சொந்தத் தகடே அதற்குப் போதும்.